மன்னிப்பதற்கும் ஒரு ஹக்கு வேண்டும்

"மௌத்துக்கு விலை பேசலாமா?"

யாரோ ஒருவரின் கவனயீனத்தால் ஒரு வீட்டில் ஜனாஸா விழுந்து, அந்த வீட்டார் நட்டஈடு கேட்டுக் கோட்டுக்குப் போகப்போகிறார்கள் என்று தெரிந்தால் நமது ஊர்களில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பவர்கள் கெட்டவர்களல்லர். பெரும்பாலும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்கள். துக்க வீட்டுக்கு மூன்று நாளும் சாப்பாடு அனுப்பியவர்கள். எனவே இக்கேள்வியைக் கோபத்தோடு தள்ளிவிட முடியாது. அதற்குள் மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. கழா கத்ரை ஏற்றுக்கொண்டவன் வழக்குத் தொடுக்கலாமா? ஓர் உயிருக்குப் பணம் ஈடாகுமா? மன்னித்துவிடுவது மேலானதல்லவா? இந்த மூன்றுக்கும் முகங்கொடுக்க வேண்டிய நிலை எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2014ஆம் ஆண்டு என் தம்பி பொலன்னறுவை வீதியில் மௌத்தானான். அவன் மேசன் வேலை செய்தவன். ஸுபஹு தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறி தன் பக்கத்தை விட்டு விலகி வந்து மோதியது. சாரதி இருபத்து மூன்று வயதுப் பையன். இரண்டாவது இரவாகத் தூங்காமல் ஓட்டி வந்தவன். லொறி அவனுடையதல்ல. தம்பிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது.

முதலில் கத்ரைப் பற்றிச் சொல்கிறேன். அஜல் முடிந்துதான் தம்பி போனான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் உம்மா அந்த வருடத்தைக் கடந்திருக்கமாட்டா. ஆனால் கத்ரை நமக்குக் கற்றுத்தந்த அதே குர்ஆன்தான் ஸூரா அந்நிஸாவின் 92ஆவது வசனத்தில் தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டவனைப் பற்றியும் பேசுகிறது. அவன் கஃபாரா நிறைவேற்ற வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத்தை ஒப்படைக்கவும் வேண்டும். வேண்டுமென்றே செய்த கொலை அங்கு பேசப்படவில்லை. கைதவறி நடந்ததற்குத்தான் இந்தக் கட்டளை. எல்லாம் விதி என்பதோடு விடயம் முடிந்துவிடுமானால் இந்தக் கட்டளைக்கு அவசியமே இருந்திராது. கத்ர் என்பது இழந்தவனின் நெஞ்சைத் தாங்குவதற்கு. தவறிழைத்தவன் தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வதற்கு அதை யாரும் அவன் கையில் கொடுக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் லொறியை ஓட்டச் சொன்னவர் "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொன்னால், அந்தச் சொல் உண்மையாக இருந்தும் அவருடைய வாயில் அது பொருந்தாமல் போகிறது.

அடுத்தது விலை. இந்த இடத்தில்தான் வழக்குத் தொடுப்பவன் மிகவும் கூசிப்போகிறான். ஏனென்றால் சட்டம் உண்மையிலேயே கணக்குக் கேட்கிறது. விபத்துக்குக் காரணமான சாரதியைப் பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். அது அரசாங்கத்தின் வழக்கு. நட்டஈட்டுக்கான வழக்கைக் குடும்பந்தான் மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும், அதுவும் இரண்டு வருடங்களுக்குள். அதற்கு அடிப்படையாக இருப்பது இந்த நாட்டில் இன்றும் வழக்கிலுள்ள உரோமன் டச்சுச் சட்டம். இறந்தவரில் தங்கி வாழ்ந்தவர்கள் இழந்த பராமரிப்பை அது பணத்தில் அளக்கிறது. மாதம் எவ்வளவு உழைத்தார், அதில் தனக்கென்று எவ்வளவு செலவழித்தார், இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பார் என்பவைதான் அதன் கேள்விகள்.

கூலிக்கு வேலை செய்தவனுக்குச் சம்பளத் துண்டு ஏது? தம்பி பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் நாட்கூலிக் கணக்கு எழுதி வைத்திருந்தான். அதுதான் எங்களிடமிருந்த ஆதாரம். சட்டத்தரணியின் அலுவலகத்தில் அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, அவனுடைய தேநீருக்கும் பெற்றோலுக்கும் எவ்வளவு கழிப்பது என்று பேசியபோது தம்பியின் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கு அது தாங்கக்கூடிய கணக்கல்ல.

ஆனால் அந்தக் கணக்கு எதை அளக்கிறது என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அது தம்பியை அளக்கவில்லை. அவன் இல்லாத வீட்டில் இனிமேல் அரிசி வாங்குவது யார், பிள்ளைகளின் பாடசாலைச் செலவைப் பார்ப்பது யார் என்பதை மட்டுந்தான் அளந்தது. அவனது உயிருக்கு விலை போட்டிருந்தால் அவனுடைய சிரிப்புக்கும் ஒரு தொகை எழுதியிருக்க வேண்டும். அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அன்றைய சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

இதை உணர்த்தும் வழக்கொன்று நமது நாட்டில் இருக்கிறது. 1992இல் இறந்துபோன ஒரு சிறுமியின் தந்தை, சிகிச்சையளித்த சிறுவர் வைத்திய நிபுணர் மீது வழக்குத் தொடுத்தார். 2001இல் உயர் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. வைத்தியரின் பக்கத்தில் கவனயீனம் இருந்தது என்றாலும் அதுதான் மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். பெற்றோரின் துயரத்துக்கும் பிள்ளையின் அன்பை இழந்ததற்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில் நட்டஈடு கிடையாது என்றும் கூறியது. உழைத்துக் கொடுக்காத ஒரு குழந்தையின் மரணத்தில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்டம் அநேகமாக எதுவுமில்லை என்பதே இதன் பொருள். 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் நெருங்கிய உறவினர் இழந்த அன்பும் அரவணைப்பும் அவர்களது மனவேதனையும் கோரக்கூடிய இழப்பாக ஏற்கப்பட்டன. தம்பியின் மௌத்து அதற்கு முந்தியது.

புதிய சட்டம் துக்கத்துக்கு விலை போடுகிறதே என்று சிலர் சங்கடப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு ஒட்டகங்கள் என்று தியத் வகுக்கப்பட்ட காலத்திலும், ஒரு மனிதன் நூறு ஒட்டகங்களுக்குச் சமம் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். கொடுப்பவனுக்குக் கனமாக இருக்க வேண்டும், அந்தக் கனத்தில் அவன் தன் செயலின் பாரத்தை உணர வேண்டும் என்பதற்கான அளவு அது. இன்னொரு விடயமும் உண்டு. தவறுதலான கொலைக்குரிய தியத்தைக் கொன்றவன் தனியே சுமப்பதில்லை. அவனுடைய ஆகிலா, அதாவது அவனைச் சார்ந்த கூட்டத்தார், பகிர்ந்து சுமக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் ஏற்பாடு. ஒருவனுடைய பலத்தில் பங்கு கொள்பவர்கள் அவனுடைய தவறின் பாரத்திலும் பங்கு கொள்ள வேண்டும் என்ற நியாயத்தை நான் அதில் காண்கிறேன்.

நமது காலத்தில் இந்த நியாயம் வேறு உருவத்தில் வந்ததையும் பார்த்தோம். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அது தொடர்பான அடிப்படை உரிமை மீறல் வழக்குகளில் 2023 ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தும் கடமை தவறினார்கள் என்று கண்டு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாவைத் தமது சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த வேறு நால்வரும் பெருந்தொகைகளைச் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். குண்டை வெடிக்க வைத்த கை அவர்களுடையதல்ல. ஆனாலும் தடுக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு தடுக்காமல் விட்டவனும் பதில் சொல்ல வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு அந்தப் பணம் என்ன ஆறுதலைத் தரும் என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆனால் பொறுப்பு இன்னாருடையது என்று நாடறியச் சொல்லப்பட்டதே, அது அவளுக்குச் சேர வேண்டிய ஒன்றுதான்.

இனி மூன்றாவது கேள்வி. மன்னிப்பு மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. தியத்தைச் சொல்லும் அதே வசனம், குடும்பத்தினர் அதை ஸதக்காவாக விட்டுக்கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. நான் நீண்ட நாள் யோசித்தது இந்த ஸதக்கா என்ற சொல்லைத்தான். தன்னிடம் இருப்பதைத்தானே ஒருவன் ஸதக்கா செய்யலாம்? முதலில் அந்தத் தியத் குடும்பத்தின் ஹக்கு என்று ஏற்கப்பட வேண்டும். பிறகுதான் அதைக் கொடுத்துவிடுவது பற்றிப் பேசலாம். ஹக்கே இல்லை என்று சொல்லப்பட்டவனின் மௌனத்தை மன்னிப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தம்பி மௌத்தாகி இரண்டு வாரமிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் சிலர் அந்தச் சாரதிப் பையனையும் லொறிச் சொந்தக்காரரின் ஆள் ஒருவரையும் அழைத்து வந்தார்கள். பையன் வாசலில் நின்று அழுதான். பார்க்க முடியாத அழுகை அது. கூட வந்தவர் ஓர் உறையையும் தட்டச்சு செய்த கடிதமொன்றையும் மேசையில் வைத்தார். இந்தத் தொகையோடு சகலதும் தீர்ந்தது, இனிமேல் எவர் மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதுதான் கடிதத்தின் வாசகம். மூத்தவன் என்ற முறையில் என்னை ஒப்பமிடச் சொன்னார்கள். தம்பியின் மனைவி இத்தாவில் உள்ளே இருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கடிதத்தை உள்ளே கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்தப் புள்ளயில எனக்கு ஒரு கோவமும் இல்ல மச்சான்," என்றாள். "ஆனா லொறிக்காரர் ஒரு நாளாவது வந்து பாத்தாரா? எண்ட புள்ளைகள்ட பங்க அவருக்கு விட்டுக் குடுக்க நான் ஆரு?"

ஆலிம் ஒருவரிடம் போய்க் கேட்டேன். பருவமடைந்த வாரிசுகள் தத்தமது பங்கை விட்டுக்கொடுக்கலாம். சிறு பிள்ளைகளின் பங்கை அவர்களுக்காக வேறொருவர் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். சட்டத்தரணியும் அநேகமாக அதையேதான் சொன்னார். பராயமடையாதோரின் சார்பில் வழக்காடும் ஒருவர் நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் அவர்களுக்காகச் சமரசம் செய்துகொள்ள முடியாதாம். வேறு வேறு காலத்திலும் இடத்திலும் தோன்றிய இரண்டு சட்டங்கள் அநாதையின் விடயத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அப்படியிருக்க, மண்டபத்தில் கூடியிருந்து அந்தப் பிள்ளைகளின் பங்கை மன்னித்துவிட நமக்கு யார் அதிகாரம் தந்தது?

அந்தக் கடிதம் யாரைக் காப்பாற்றியிருக்கும் என்றும் பாருங்கள். வாசலில் நின்று அழுதவனை நாம் மன்னித்திருப்போம். அதன் முழுப் பயனும் வாசலுக்கே வராதவருக்குப் போயிருக்கும். தூக்கமில்லாத சாரதிகளை அவர் அடுத்த இரவும் அனுப்பியிருப்பார். வேலைகொள்பவர் தன் வேலையாளின் கவனயீனத்துக்குப் பொறுப்பாளி என்ற சட்டம் இருப்பது இதற்காகத்தான். மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டிருப்பதும், தீர்ப்பு வெறுங் காகிதமாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

வழக்கு ஏறக்குறைய ஆறு வருடங்கள் சென்றது. தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணையும் காயத்தைக் கீறியது உண்மை. இந்த அலைச்சலைத் தாங்க முடியாது என்று ஒரு குடும்பம் வழக்கைத் தவிர்த்தால் அவர்களைக் குறைசொல்ல எவராலும் முடியாது. எங்கள் வழக்கில் சாரதியே சாட்சிக் கூண்டில் ஏறி, இரண்டு இரவுகள் ஓட்டியதையும் ஓய்வு கேட்டுக் கிடைக்காததையும் மறைக்காமல் சொன்னான். அதன் பிறகு எதிர்த்தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தது. நீதிமன்றத்தின் அனுமதியோடு பிள்ளைகளின் பங்கு அவர்களது பெயரில் வங்கியில் வைப்பிலிடப்பட்டது. அன்று மாலையே தம்பியின் மனைவி அந்தப் பையனுக்கு ஆள் அனுப்பி, தன் பங்குக்கு அவனை முழுமையாக மன்னித்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. தன்னுடையது எது, பிள்ளைகளுடையது எது என்று தெரிந்த ஒருத்தி, தன்னுடையதிலிருந்து கொடுத்தாள்.

வழக்குத் தொடுப்பதுதான் எல்லோருக்கும் கடமை என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தினரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நான் கேட்பது சிறிய விடயங்கள்தான். துக்க வீட்டுக்கு ஒரு கடிதத்தோடு போகுமுன் அதை அந்த விதவைக்கு வாசித்துக் காட்டுங்கள். இத்தா முடியும்வரை பொறுத்திருங்கள். இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஒரு சட்டத்தரணியிடம் அவளைப் பேச விடுங்கள். சிறு பிள்ளைகளின் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். உண்மையில் பொறுப்பானவர் யாரோ அவரையும் அந்த வாசலுக்கு அழைத்து வாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு அவள் மன்னிக்கிறேன் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு நாமெல்லாம் தலைவணங்கலாம்.