மான்ஸ்ஃபீல்டு பார்க்கின் மௌனம்

ஜேன் ஆஸ்டின் 1814-இல் வெளியிட்ட ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ என்னும் ஆங்கிலப் புதினம் ஒரு மாளிகையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. நார்தாம்ப்டன்ஷயரில் உள்ளதாக ஆசிரியர் படைத்த அம்மாளிகையில் ஒழுங்கும் அமைதியும் குடிகொண்டிருந்தன. வறிய குடும்பத்துச் சிறுமி ஃபேனி, பெரியம்மாவின் கணவர் சர் தாமஸ் பெர்ட்ரமின் தயவில் பத்து வயது முதல் அங்கே வளர்கிறாள்.

சர் தாமசுக்கு ஆண்டிகுவா தீவிலும் உடைமை உண்டு. அக்காலத்தில் அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தோர் ஆப்பிரிக்க அடிமைகள். அடிமை வாணிகத்தை 1807-இல் பிரிட்டன் சட்டத்தால் தடுத்தது. ஆயினும் அங்கே அடிமைத்தனம் 1834 வரை நீடித்தது.

தீவிலிருந்து திரும்பிய சர் தாமசிடம் ஒரு மாலையில் ஃபேனி அடிமை வாணிகம் பற்றிக் கேட்கிறாள். அவர் அளித்த விடையை ஆசிரியர் நமக்குச் சொல்லவில்லை. சுற்றியிருந்த பிள்ளைகளோ வாய் திறக்கவில்லை. அவர்களினும் தன்னை மேலாகக் காட்டிக்கொள்வதாகத் தோன்றுமோ என்று அஞ்சி, அவளும் மேலே கேட்கவில்லை. நல்லவனான எட்மண்ட், வேறு யாரேனும் அக்கேள்வியைத் தொடர்வார்கள் என எதிர்பார்த்ததாகப் பிறகு கூறுகிறான். அவன் ஏன் தொடரவில்லை?

கொடியவரால் மட்டும் அநீதி நிலைப்பதில்லை. பிறர் பேசட்டும் என்று காத்திருக்கும் நல்லவராலும் அது நிலைக்கிறது. அவர்கள் உண்ணும் உணவும் அதே வருவாயிலிருந்து வருகையில் பேசுவது இன்னும் கடினமாகிறது.

உண்ட வீட்டைக் கேள்வி கேட்பது நன்றிகேடா? பின்னொரு நாள், செல்வந்தன் ஹென்றி கிராஃபோர்டை மணக்க மறுத்த ஃபேனியை நன்றியற்றவள் என்று சர் தாமஸ் கடிந்துகொள்கிறார். அதே நாளில், நெருப்பின்றிக் குளிர்ந்திருந்த அவளது அறையில் கணப்பு மூட்டவும் ஆணையிடுகிறார். அவருடைய இரக்கம் பொய்யன்று. ஆனால் அவர் செய்த நன்மைக்கு ஈடாக அவளது மனச்சான்றையும் எதிர்பார்க்கிறார். ஃபேனி அழுகிறாள், நன்றியை மறக்கவில்லை, இசையவும் இல்லை.

நன்றிக்கடன் அன்பாலும் உழைப்பாலும் தீர்க்கப்பட வேண்டியது. உண்மையை விற்றுத் தீர்க்கப்படுவதன்று. தன் வாழ்வைப் பற்றிய கேள்வியில் ஃபேனி அவ்வாறே உறுதியாக நின்றாள். காணாத மனிதரைப் பற்றிய கேள்வியிலோ ஒரு முறை கேட்டு நின்றுவிட்டாள். நாமும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிற்கிறோம். நம் வீட்டு நலன்கள் யாருடைய வியர்வையில் விளைந்தவை என்று ஒரு முறை கேட்டதுண்டு. இரண்டாம் முறை கேட்டோமா?