சரிபாதி என்பது சரிதானா?

ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடியுங்கள். விரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரித்துண்டால் என்ன தோன்றுகிறதோ வரையுங்கள். பூ, முகம் எதுவும் வேண்டாம். சும்மா கோடு, வளைவு, சுழி. மறுபடி மடித்து, முதுகில் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். பிரித்தால்... அட! அந்தப் பக்கமும் அதே படம், கண்ணாடியில் பார்த்த மாதிரி.

இதை எனக்குக் காட்டியது அக்கா மகள். திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிறாள். பிளஸ் டூ. போன மாதம் ஊருக்குப் போனபோது, விரலெல்லாம் கரியாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பிரித்த பிறகும் விடவில்லை. ஒட்டிய பக்கத்தில் மேலும் மேலும் கரியை இழுத்தாள்.

''அதான் ஒட்டிருச்சே, இன்னும் எதுக்கு?'' என்றேன்.

''ஒட்டுனது வெளுத்துத்தான் மாமா விழும். இந்தப் பக்கத்துக்குக் கூடக் கொஞ்சம் குடுத்தாத்தான் ரெண்டும் ஒண்ணாத் தெரியும்.''

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

நான் போனது தாத்தா காலத்து வீட்டைப் பாகம் பிரிக்க. ஆளுக்குச் சரிபாதி. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. முணுமுணுக்காமல் பங்கு கொடுக்கிற தம்பி என்று என் மேல் எனக்கே ஒரு பெருமை!

ஆனால், அப்பா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தபோது சென்னையில் இருந்தவன் நான். பணம் அனுப்பினேன், தீபாவளிக்கு வந்தேன். துடைத்துக் குளிப்பாட்டியது அக்கா.

நான் பி.காம். படித்தவன். டிரையல் பேலன்ஸ் என்று ஒன்று உண்டு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். இரண்டும் ஒரே தொகை வந்தால் டேலி. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்லித்தருவார்கள். டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று நம்பிவிடாதே! ஒரு வரவு செலவை எழுதவே மறந்துவிட்டால், அது இரண்டு பக்கத்திலும் இருக்காது. கணக்கு ஜம்மென்று டேலி ஆகும். அதற்கு 'விடு பிழை' என்று பெயர்.

அக்காவின் ஆறு வருடம், எங்கள் பாகப்பிரிவினையில் விடு பிழை.

பென்சிலில் இருப்பதை ஈயம் என்கிறோம். உண்மையில் அது களிமண் கலந்த கிராஃபைட், சிவகங்கைப் பக்கம் வெட்டி எடுக்கிறார்களே, அதுதான். அடுப்புக்கரியும் கிராஃபைட்டும் அடிப்படையில் ஒரே கார்பன். ஆனால் ஒரே கோட்டை இந்தப் பக்கம் கரியிலும் அந்தப் பக்கம் பென்சிலிலும் போட்டுப் பாருங்கள். கரி வெளிச்சத்தை விழுங்கும், பென்சில் மினுக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான்.

வாசல் கோலத்தையும் கவனியுங்கள். சிக்குக் கோலத்தின் இலக்கணத்தை வைத்து 1974-ல் கணினி ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. எழுதியவர்கள், சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும். தாளில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வாசலில், ஒரு பக்க வளைவு கைவாட்டத்தில் சுலபமாக வரும். மறுபக்கத்துக்கு எழுந்து சுற்றி வரவேண்டும். படம் சமம், பாடு சமமில்லை.

'அப்படியானால் ஆளுக்குத் தக்கபடி பங்கு போடலாமா?' என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். 'எங்க வீட்டு விஷயம் வேற', 'உனக்குத்தான் நகை போட்டாச்சே' என்று சொல்லிச் சொல்லித்தானே பெண்களை வெறுங்கையோடு அனுப்பினோம்? அதனால்தான் சட்டம் நட்டநடுவில் மடித்துவைத்தது. அந்த மடிப்பை அழிக்கக் கூடாது. பங்கு பாதிக்குக் கீழே போகாமல் அது காக்கிறது. ஆனால், தன் பங்கிலிருந்து ஒருவன் மனசறிந்து கூடக் கொடுப்பதை அது தடுக்கவில்லையே!

ஆறு வருடத்துக்கு விலை போட்டால், ''அப்பாவைப் பார்த்ததுக்குக் கூலியாடா?'' என்று அக்கா கோபிப்பாள். பதில் என்னிடம் இல்லை. ஆனால், அவள் கோபிப்பாள் என்பதையே சாக்காக வைத்து நான் சும்மா இருந்துவிடலாமா?

பத்திரம் இன்னும் பதியவில்லை. அடுத்த வாரம் திண்டுக்கல் போகிறேன். பேச்சை நானே ஆரம்பிப்பதாக இருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது பாகம் பிரிக்கிறீர்களா? டேலி ஆகிவிட்டதா? எழுத மறந்தது என்னவென்று ஒரு தடவை பாருங்களேன்.