ஒலிநாடாவின் மறுபக்கம்

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமையன்று திருப்பலியில் வாசிக்கப்படும் முதல் வாசகம் மிக நீண்டது. தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம், சூசன்னாவின் வரலாறு. முதியோர் இருவர் பொய்ச்சான்று கூறுகின்றனர். அவர்கள் மூப்பர்கள், நடுவர்கள் என்பதால் சபை நம்பிவிடுகிறது. தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. கொலைக்களத்துக்கு அவரைக் கொண்டு செல்லும் வேளையில் தானியேல் என்னும் இளைஞர் குரல் எழுப்பி, முடிந்துபோன விசாரணையை மீண்டும் தொடங்க வைக்கிறார். முதியோர் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக் கொள்கின்றனர். வாசகம் நீளம் என்று நம் பங்குகளில் குறுகிய வடிவத்தையே தேர்ந்துகொள்வது வழக்கம். அப்போதும் இந்தக் குறுக்கு விசாரணை மட்டும் விடுபடுவதில்லை.

அதே நாளில், பெரும்பாலான ஆண்டுகளில், நற்செய்தியாக வருவது விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய யோவான் நற்செய்திப் பகுதி. சூசன்னா மாசற்றவர். இந்தப் பெண்ணோ குற்றம் புரிந்தவர்; நற்செய்தியாளர் அதை மறைக்கவில்லை, இயேசுவும் மறுக்கவில்லை. சாவிலிருந்து தப்பிய இருவரையும் திருச்சபை ஒரே பீடத்தின் முன் அருகருகே நிறுத்துகிறது. சூசன்னா தப்பியதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. மற்றப் பெண் தப்பியதில் அதே மகிழ்ச்சி நமக்கு உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்புக் காலத்தில், எங்கள் பங்கிலிருந்து பத்துப்பேர் சிறைக்குச் சென்று, பாட்டுப் பாடி, கேக் கொடுத்துத் திரும்பினோம். வரும் வழியில் உடன் வந்த பெரியவர் ஒருவர், "தப்பாக மாட்டிக்கொண்டவன் என்றால் பாவம் எனலாம். உண்மையிலேயே செய்தவனுக்கு எதற்கு ஐயா இந்த உபசாரம்?" என்று கேட்டார். அவர் கொடியவர் அல்லர். தினமும் திருப்பலிக்கு வருகிறவர். யாரும் பதில் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் அன்று ஒரு கைதி கொடுத்த துண்டுத்தாள் ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். பெரியவரின் கேள்விக்கு விடை தேடியபோதுதான், அமெரிக்காவின் தென்பகுதியில் ஓர் அலுவலகத்தில் நடந்துவரும் வேலையைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

அலபாமா மாநிலத்தின் தலைநகர் மான்ட்கோமரி. அங்கே 1989-இல் பிரையன் ஸ்டீவன்சன் என்னும் இளம் கறுப்பின வழக்கறிஞர், மரண தண்டனை பெற்ற ஏழைகளுக்காக வாதாட ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்' என்னும் சமநீதி அமைப்பாயிற்று. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் படித்தவர். பெருநகரங்களில் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். இத்தகைய அலுவலகங்களுக்குத் தந்துவந்த நிதியை 1990-களின் நடுவில் மத்திய அரசு நிறுத்திவிட்டது. 1995-இல் தமக்குக் கிடைத்த மெக்கார்தர் பரிசுத் தொகையை அவர் அலுவலகத்துக்கே கொடுத்தார்.

வெளியே தெரிவது அவர் ஒருவருடைய பெயர்தான். 2014-இல் அவர் எழுதிய நூலும், 2019-இல் வந்த திரைப்படமும் அவரை உலகறியச் செய்தன. ஆயினும் அங்கு நடக்கும் வேலையை நோக்கினால், அதில் மேடைப்பேச்சு மிகச் சிறிய பங்கு. ஈவா ஆன்ஸ்லி என்னும் பெண்மணி தொடக்கமுதல் நிர்வாகத்தைச் சுமந்தார். மற்றவர்கள் பத்தாண்டுக்கு முந்தைய வழக்குக் கட்டுகளை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படிப்பவர்கள். சாட்சி சொன்னவரின் வீட்டைத் தேடிப்போய்க் கதவைத் தட்டுபவர்கள். தென்கோடியில் உள்ள ஹோல்மன் சிறைக்குச் சுமார் இரண்டு மணி நேரம் காரில் சென்று, தண்டனை பெற்றவரின் தாய் எப்படி இருக்கிறார் என்ற செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்புபவர்கள். வெடிகுண்டு மிரட்டல்களும் வந்தன. அதற்குப் பிறகும் மறுநாள் காலையில் அலுவலகத்தைத் திறக்க வேண்டுமல்லவா?

அவர்களது பொறுமை எத்தகையது என்பதற்கு வால்டர் மக்மில்லியன் வழக்கு சான்று. 1986 நவம்பரில் மன்ரோவில் என்னும் சிற்றூரின் சலவைக் கடையில் வேலை செய்த 18 வயதுப் பெண் கொல்லப்பட்டார். பல மாதங்கள் ஆகியும் கொலையாளி அகப்படவில்லை, ஊர் கொதித்தது. 1987 ஜூனில் மரம் வெட்டும் தொழில் செய்த கறுப்பரான மக்மில்லியன் கைது செய்யப்பட்டார். விசாரணை தொடங்கும் முன்பே அவரைக் கொண்டுபோய் வைத்த இடம், மரண தண்டனைக் கைதிகளுக்கான சிறைக்கூடம். கொலை நடந்த காலையில் அவருடைய வீட்டில் கோவில் நிதிக்காக மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கேயே இருந்ததைப் பார்த்தவர்கள் பலர். அவர்களுடைய சொல் எடுபடவில்லை. குற்றவாளி ஒருவன் சொன்ன சான்று எடுபட்டது. ஒன்றரை நாளில் விசாரணை முடிந்தது. ஆயுள் தண்டனை போதும் என்று ஜூரி பரிந்துரைக்க, நீதிபதி அதைத் தள்ளி மரண தண்டனை விதித்தார். அலபாமாவின் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது; 2017-இல்தான் அது நீக்கப்பட்டது. நீதியின்றித் தண்டிக்கப்படும் ஒரு கறுப்பரைப் பற்றிய புகழ்பெற்ற புதினத்தை எழுதிய ஹார்ப்பர் லீ பிறந்த ஊரும் இதே மன்ரோவில்தான். புதினத்தைப் பற்றி ஊருக்குப் பெருமை உண்டு. அதைப் படித்ததால் அவ்வூரில் என்ன மாறிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. (ஞாயிறுதோறும் நற்செய்தி கேட்கும் நாம் இதை உரக்கக் கேட்க முடியாது.)

ஸ்டீவன்சனின் குழு கட்டுகளைக் கிளறியபோது ஓர் ஒலிநாடா கிடைத்தது. முக்கியச் சாட்சியின் வாக்குமூலம் பதிவான நாடா அது. கேட்டு முடித்தார்கள். பிறகு அதைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கத்திலும் அதே சாட்சியின் குரல் இருந்தது: தனக்கு ஒன்றும் தெரியாத கொலையில் ஒருவரை மாட்டிவிடும்படி தன்னை நெருக்குகிறார்கள் என்று அவன் அதிகாரிகளிடமே புலம்பிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் எதிர்த்தரப்புக்குச் சொல்லப்படவே இல்லை. ஆறாண்டுகள் மரண வரிசையில் கிடந்த மக்மில்லியன் 1993 மார்ச்சில் விடுதலையானார். தானியேலின் கேள்வியை நாம் ஞானம் என்கிறோம். நாடாவைத் திருப்பிப் போடுவதற்குப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. ஒருவரின் உயிர் இதில் இருக்கிறது என்ற நினைவு வேண்டும். காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் அன்று பலருக்கு இல்லாமற்போனது அதுவே.

அந்தோணி ரே ஹின்டனின் வழக்கு இன்னும் நெடியது. 1985-இல், உணவக மேலாளர்கள் இருவரைக் கொன்றதாகப் பிடிக்கப்பட்டார். அவருடைய தாயாரின் கைத்துப்பாக்கியிலிருந்தே குண்டுகள் பாய்ந்தன என்பது ஒன்றே ஆதாரம். அதை மறுக்க வல்லுநர் ஒருவரை அமர்த்தலாம். ஆனால் அரசு நியமித்த வழக்கறிஞர், அதற்கு 1,000 டாலருக்கு மேல் கிடைக்காது என்று தவறாக நினைத்துக்கொண்டார். சட்டம் அப்போது அதற்கு மேலும் இடமளித்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் தொகைக்குக் கிடைத்தவர் ஒரு கண் பார்வையிழந்த பொறியாளர். நுண்ணோக்கியை இயக்கவே பிறர் உதவி கேட்டவர். ஜூரி அவரை நம்பவில்லை. 2002-இல் தேர்ந்த வல்லுநர் மூவர், குண்டுகள் அந்தத் துப்பாக்கியினுடையவை என்று நிறுவ முடியாது என்றனர். அதன் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் மாநிலம் அசையவில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஹின்டன் சிறைக்கதவைக் கடந்து வெளியே வந்தது 2015 ஏப்ரல் 3. அன்று பெரிய வெள்ளிக்கிழமை. தாயார் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். பிற்பாடு அவரும் அதே சமநீதி அலுவலகத்தில் பணியேற்று, தம் கதையை ஊர் ஊராகச் சென்று சொல்லலானார்.

இதுவரை சொன்னவை சூசன்னாவின் கதைகள். எங்கள் பங்குப் பெரியவரும் இவற்றைக் கேட்டால் கண் கலங்குவார். ஆனால் மான்ட்கோமரி அலுவலகத்தின் கதவு குற்றமற்றவர்களுக்கு மட்டும் திறப்பதில்லை. 2003-இல் அலபாமாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன், இன்னொருவனோடு சேர்ந்து, அண்டை வீட்டுக்காரரை அடித்து, அவர் இருந்த வீட்டுக்குத் தீ வைத்தான். அவர் இறந்தார். இதில் ஐயத்துக்கு இடமில்லை. அச்சிறுவனுக்கு விதிக்கப்பட்டது, சாகும்வரை வெளியே வர இயலாத ஆயுள் தண்டனை. நீதிபதிக்கு வேறு தண்டனையை எண்ணிப் பார்க்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வளர்ப்பு இல்லங்களுக்கும் வீட்டுக்குமாக அலைக்கழிக்கப்பட்டவன் அவன். நான்கு முறை தற்கொலைக்கு முயன்றிருந்தான். முதல் முயற்சி மழலையர் பள்ளிக்குப் போகும் வயதில். ஸ்டீவன்சனும் உடன் உழைத்தவர்களும் இந்த வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். சிறார்க்கு அத்தகைய தண்டனையைக் கட்டாயமாக விதிப்பது அரசமைப்புக்கு முரண் என்று 2012 ஜூனில் தீர்ப்பு வந்தது. ஐவர் ஆதரவு, நால்வர் எதிர்ப்பு.

இறந்தவரை மறந்துவிட்டார்களா? எளிதாகத் தள்ளக்கூடிய கேள்வியன்று இது. ஸ்டீவன்சனுக்கு 16 வயதாயிருந்தபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனார் பிலடெல்பியாவில் தம் வீட்டிலேயே கொள்ளையர்களால் குத்திக் கொல்லப்பட்டார். கொலையுண்டவரின் வீட்டுத் துயரம் என்னவென்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. அதனால் எல்லாரும் அவரைப்போல் ஆகிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய் மன்னியுங்கள் என்று சொல்லும் உரிமை நம் எவருக்கும் இல்லை. மறையுரையில்கூட அதைச் சற்றுக் குறைவாகச் சொல்லலாம். ஆனால் தண்டனையின் கடுமை இறந்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதை என்று எண்ணுவது வேறு செய்தி. மக்மில்லியனை ஆறாண்டுகள் அடைத்து வைத்ததில் அந்த 18 வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? அவரைக் கொன்றவன் பிடிபடவேயில்லை.

மரண தண்டனை பற்றி நம் திருச்சபை நடந்துவந்த பாதையும் இங்கு எண்ணத்தக்கது. 1995-இல் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அது தவிர்க்க முடியாததாகும் சூழல்கள் நம் காலத்தில் ஏறத்தாழ இல்லை என்ற அளவுக்கு அதைக் குறுக்கினார். 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டின் 2267-ஆம் எண்ணைத் திருத்தி, அது ஏற்கத்தகாதது என்றார். அவர் சொன்ன காரணம் என்ன? தீர்ப்பில் தவறு நேரலாம் என்பதை அவர் முதற்காரணமாக வைக்கவில்லை. மனித மாண்பு மீறக்கூடாதது. மிகக் கொடிய குற்றம் செய்த பின்னும் அது அழிவதில்லை என்பதை வைத்தார். இந்த வேறுபாடு சிறியதன்று. தவறு நேரலாம் என்பது மட்டுமே நம் தயக்கத்துக்குக் காரணமானால், தவறே நேராத ஆய்வுமுறை ஒன்று வரும் நாளில் நம் தயக்கம் தீர்ந்துபோகும். நாடாவின் இருபக்கமும் கேட்டாயிற்று, இனித் தூக்கிலிடலாம் என்போம். சூசன்னாவைக் காக்கும் வாதம் அங்கே முடிந்துவிடுகிறது. கல்லெறியப்பட இருந்த பெண்ணை அது காப்பாற்றாது. கல்வாரியில் குற்றமற்றவர் ஒருவர்தாம் தொங்கினார்; விண்ணக வாக்குறுதியைப் பெற்றவனோ, தன் தண்டனை முறையானதே என்று தானே ஒப்புக்கொண்ட கள்வன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; தீர்ப்பே சொல்லப்படாதவர்கள். இவர்களில் யார் சூசன்னா, யார் மற்றவர் என்பதைக் கேக் கொடுக்கும் கை அறியாது. அறியத் தேவையுமில்லை. ஆனால் அவர்களுள் பலருக்கு வேண்டியது கேக் அன்று. தன் வழக்குக் கட்டைத் திறந்து பார்க்கும் ஒருவர் வேண்டும்.

அந்தத் துண்டுத்தாளில் ஒரு பெயரும் வழக்கு எண்ணும் இருந்தன. இருபத்தைந்து வயதிருக்கும் அந்த இளைஞருக்கு. அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார், அவ்வளவுதான். நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு முற்பகல் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். கட்டாயம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பண்டிகை வேலைகள் வந்தன, மறந்தேன். தை மாதத்தில் துவைத்த சட்டையின் பையிலிருந்து அது கஞ்சியாக வெளியே வந்தது. எண் அழிந்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு அதே சிறையில் அவரைத் தேடினேன். வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் வார்டர். எந்தச் சிறை என்பது அவருக்குத் தெரியவில்லை.

அலபாமாச் சிறுவனின் வழக்கில் 2012-இல் வந்த தீர்ப்பு அமெரிக்கா முழுவதும் பலநூறு பேருக்கு வெளியே வரும் வழியைத் திறந்தது. அவனுக்குத் திறக்கவில்லை. 2021-இல் மறுவிசாரணை செய்த நீதிபதி, முப்பது வயதை எட்டிவிட்ட அவனுக்கு அதே தண்டனையை மீண்டும் விதித்தார்.