பலம் குன்றியோர் பந்தயத்தில் நிற்கலாமா?

தகுதி உடையோரே களத்தில் இறங்க வேண்டும் என்பது உலக வழக்கு. நீந்தத் தெரியாதவன் ஆற்றில் இறங்கினால் ஊரார் அதை வீரம் என்று சொல்வதில்லை. திருவள்ளுவரும் வலியறிதல் என்று தனி அதிகாரம் வகுத்து, மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டி நம்மை எச்சரிக்கிறார். ஆயினும், முழுத் தகுதியோடு நாம் இறங்கிய களங்கள்தாம் எத்தனை? முதல் குழந்தையைக் கையில் வாங்கிய அன்று நாம் ஆயத்தமாகவா இருந்தோம்? படுக்கையில் வீழ்ந்த தாயைப் பேணும் பொறுப்பு வந்தபோது நம்மிடம் போதிய வலிமை இருந்ததா? பலம் குன்றிய நிலையில் ஒரு பந்தயத்தில் நிற்பது அறமா, மடமையா என்னும் வினா விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடுவதன்று. எனினும், ஒரு விளையாட்டைக் கொண்டே அதை ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிறு நகரம் உண்டு. அன்பவுண்ட் கிராவல் என இன்று அழைக்கப்படும் மிதிவண்டிப் பந்தயம் 2006ஆம் ஆண்டு முதல் அங்கே நடைபெற்று வருகிறது. அதன் புகழ்பெற்ற பிரிவின் தொலைவு 200 மைல். அதாவது ஏறக்குறைய 320 கிலோமீட்டர். ஃபிளின்ட் ஹில்ஸ் எனப்படும் புல்மேட்டு நிலத்தின் ஊடே செல்லும் அப்பாதையில் தார்ச்சாலை மிகக் குறைவு. சரளையும் மண்ணும் மேடும் பள்ளமுமே மிகுதி. அங்குள்ள கற்களின் கூர்மை டயரைக் கிழித்துவிடும். உலகப் புகழ் பெற்ற வீரர்களும், வாரம் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வரும் எளியவர்களும் ஒரே நாளில் ஒரே பாதையில் செல்கின்றனர். குறிப்பிட்ட சில நிலையங்களைத் தவிர வேறெங்கும் வெளியார் உதவி பெறுதல் கூடாது. பழுது பார்க்கும் கருவிகளை அவரவரே சுமக்க வேண்டும். நிலையங்களுக்கு இடையே வேண்டிய உணவும் நீரும் அப்படியே.

இப்பந்தயத்திற்கு நாம் பல மாதங்களுக்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி செய்ய எண்ணினோம், செய்யவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் காரணம்; இன்னொருவருக்கு வீட்டுத் துயரம்; மற்றொருவருக்கு, உண்மையைச் சொன்னால், சோம்பல். போட்டி நாள் விடிந்துவிட்டது. புறப்படுவதா, திரும்புவதா?

கரடான பாதை காட்டும் உண்மை

பள்ளியில் தேர்வுக்கு முந்திய இரவு கண்விழித்துப் படித்து, எப்படியோ கரையேறியவர்கள் நம்மில் பலர். உடலிடம் அந்தத் தந்திரம் செல்லாது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதற்கும், தசையணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றல் வளர்வதற்கும் வாரங்களும் மாதங்களும் வேண்டும். உடல் சேமித்து வைத்துள்ள மாவுச்சத்தோ சில நூறு கிராம்தான். கடுமையாக உழைத்தால் அது இரண்டு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகும். உண்ணாமலும் அளவறியாமலும் விரைந்தவர் கால் நகராமல், கண் இருண்டு வழியோரத்தில் அமர்ந்துவிடுவார்.

சமதளச் சாலையில் இக்குறையை ஓரளவு மறைக்க முடியும். முன்னே செல்வோரின் பின்னால் ஒட்டிச் சென்றால் எதிர்க்காற்றின் தடை வெகுவாகக் குறையும். பிறர் உழைப்பின் நிழலில் நெடுந்தொலைவு போய்விடலாம். சரளையிலும் சேற்றிலும் அந்த நிழல் சுருங்கிவிடுகிறது. வேகம் குறைவதால் காற்றை மறைப்பதன் பயன் குறைகிறது. எந்தக் கல்லை விலக்குவது, எந்தத் தடத்தைப் பற்றுவது என்று அவரவரே முடிவு செய்ய வேண்டியும் இருக்கிறது. வாழ்விலும் வசதியான காலங்களில் குடும்பப் பெயரும் பதவியும் நண்பர் கூட்டமும் நம்மை இழுத்துச் செல்கின்றன. கரடான காலம் வந்தபின்னரே நம் சொந்தக் கால்களின் வலு நமக்குத் தெரிகிறது.

2023ஆம் ஆண்டில் மழையால் அப்பாதையின் தொடக்கப் பகுதி களிமண் சேறாயிற்று. சக்கரங்கள் சுழல மறுத்தன. வெல்ல வந்தவர்களும், முடித்தாலே போதும் என்று வந்தவர்களும் ஒன்றுபோல் மிதிவண்டியைத் தோளில் சுமந்து நடந்தனர். முந்தியவரும் பிந்தியவரும் கால் புதைய நடந்த அந்தக் காட்சி, தகுதி என்பதும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே என்று நமக்கு உணர்த்துகிறது.

இரு குற்றங்கள்

பெருந்தன்மை என்னும் நற்பண்புக்கு எதிராக இருபுறமும் குற்றங்கள் உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். தன் ஆற்றலுக்கு மேற்பட்டதைத் துணிவது ஒன்று. தன்னால் இயல்வதையும் செய்யாமல் ஒடுங்கிவிடுவது மற்றொன்று. முன்னதைத் துணிச்சல் என்று போற்றுவதும், பின்னதைத் தாழ்ச்சி என்று போற்றுவதும் நம்மிடையே உள்ள பிழைகள்.

முதல் குற்றம் பந்தயத்தின் முதல் மணி நேரத்திலேயே நம்மைப் பிடிக்கிறது. முன்னணிக் கூட்டம் விரைகிறது. அவர்களோடு செல்ல நம்மால் இயலாது என்று நெஞ்சுக்குத் தெரியும். ஆயினும் பின்தங்குவதைப் பிறர் காண்பார்களே என்னும் நாணம் காலை அழுத்துகிறது. மூன்றாம் மணியில் செலவிட வேண்டியதை முதல் மணியிலேயே செலவிட்டு விடுகிறோம். கடன் வாங்கித் திருமணம் நடத்துபவரின் கதைதான் இது. ஊர் மெச்சுவது ஒரு நாள். வட்டி கட்டுவது பல ஆண்டுகள்.

இதன் கொடிய முடிவை 1967ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் மோன் வான்டு மலையில் உலகம் கண்டது. 1965இல் உலக வாகையராக விளங்கிய ஆங்கிலேய வீரர் டாம் சிம்சன், அவ்வாண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின்போது வயிற்று நோயால் நலிந்திருந்தார். கடும் வெயிலில் மலையேறும்போது வீழ்ந்தார். மீண்டும் மிதிவண்டியில் ஏற்றப்பட்டார். சிறிது தொலைவில் மறுபடியும் வீழ்ந்து உயிர் நீத்தார். அவர் உடலில் ஊக்க மருந்து இருந்தது பின்னர் தெரியவந்தது. அவருக்கு வயது 29. இறந்தவரைத் தீர்ப்பிட நாம் யார்? ஆனால் நோயுற்ற உடல் நில் என்று சொல்லும்போது அதன் வாயை மருந்தால் அடைப்பது எத்தகைய கொடுமை என்பதை அம்மலை இன்றும் நினைவூட்டுகிறது. உடல் நமக்கு அடிமை அன்று; நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கொடை.

இரண்டாம் குற்றம் ஓசையற்றது. வெல்ல முடியாது, எனவே போகமாட்டேன் என்று அது சொல்கிறது. கேட்பதற்கு அடக்கம்போல் இருக்கிறது. உள்ளேயோ செருக்கு ஒளிந்திருக்கிறது. நல்ல இடம் கிடைத்தால் மட்டுமே நான் தோன்றுவேன் என்பதுதானே அதன் பொருள்?

கடைசியாக வருபவர்

1903இல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 60 பேர் புறப்பட்டு 21 பேர் மட்டுமே முடித்தனர். வென்றவர் மொரீஸ் கரன். இருபத்தொன்றாமவராக வந்த ஆர்சேன் மில்லோஷோ, வென்றவரைவிட ஏறக்குறைய 65 மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்பது உண்மை. பாதியில் நின்றுவிட்ட 39 பேர் இருந்தனர் என்பதும் உண்மை.

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி. பிரான்சின் வடபகுதியில் கருங்கல் பாவிய பழஞ்சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், 2018ஆம் ஆண்டு லிதுவேனிய வீரர் எவால்டாஸ் சிஷ்கேவிச்சியுஸ் வெகுவாகப் பின்தங்கினார். வென்றவர் வந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அவர் ரூபே திடலை அடைந்தபோது வாயில் மூடப்பட்டிருந்தது. கால வரம்பும் கடந்துவிட்டது. முடிவுப் பட்டியலில் இடம் கிடைக்காது. ஆயினும் அவர் வேண்டிக் கேட்டு உள்ளே சென்று, ஓட வேண்டிய எஞ்சிய சுற்றை ஓடி முடித்தார். மறு ஆண்டு அதே பந்தயத்தில் அவர் ஒன்பதாம் இடம் பெற்றார். அந்த ஒன்பதாம் இடத்தை விடவும், எவரும் எண்ணிக்கையில் சேர்க்காத அந்தச் சுற்றே நம் உள்ளத்தைத் தொடுகிறது.

ஆனால் ஓர் எதிர்வாதத்தை நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். எம்போரியாப் பந்தயத்தில் இடம் குலுக்கல் முறையில் வழங்கப்படுகிறது. நமக்கு இடம் கிடைத்தபோது, உண்மையாக உழைத்த வேறொருவர் இடம் இழந்திருக்கலாம். நள்ளிரவு கடந்தும் நமக்காகக் காத்திருக்கும் தொண்டர்களின் தூக்கம் நம் கணக்கில் சேருகிறது. நாம் வழியில் வீழ்ந்தால் தூக்க வருபவருக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. நம் ஆயத்தமின்மையின் விலையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு விடாமுயற்சி என்று பெயரிடுவது முறையன்று. சோம்பலால் பயிற்சியை விட்டவர் இதை முதலில் தம்மிடமே அறிக்கையிட வேண்டும். நோயாலும் துயராலும் விட்டவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அவரும் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

ஆகவே, பலம் குன்றியோர் பந்தயத்தில் நிற்கலாமா என்றால், நிற்கலாம். தம் குறையைத் தமக்கும் பிறருக்கும் மறைக்காமல் நிற்கலாம் என்பதே நம் விடை. எந்த நிலையம் வரை செல்வது, உடல் எந்த அடையாளம் காட்டினால் நிறுத்துவது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். பிறர் வேகத்தை விட்டு நம் வேகத்தில் செல்ல வேண்டும். உணவையும் விளக்கையும் நாமே சுமக்க வேண்டும். நிறுத்த வேண்டிய இடம் வந்தால் முகம் சுளிக்காமல் இறங்க வேண்டும். அப்படி இறங்குபவர் தோற்றவர் அல்லர். தம் அளவை அறிந்து, சொன்ன சொல்லைக் காத்தவர்.

டூர் டி பிரான்சில் கடைசியாக வருபவரைச் சிவப்பு விளக்கு என்னும் பெயரால் அழைப்பது வழக்கம். இரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கிலிருந்து வந்த பெயர் அது. அது கேலிப் பெயர் என்று நாம் நினைக்கலாம். ஆனால் இருளில் நிற்கும் நிலையக் காவலர் அந்த விளக்கைக் கண்டபின்பே, பெட்டி எதுவும் வழியில் கழன்றுவிடவில்லை, வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று நிம்மதி கொள்கிறார். நம் குடும்பத்திலும் பங்கிலும் அத்தகைய விளக்காக வருபவர்கள் உண்டு. அவர்கள் வந்து சேரும்வரை நாம் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறோமா?