மழையில் ஒரு சுரங்கக் காட்சி

ஐப்பசி அடைமழை. நெய்வேலி நகரியத்தில் வாழும் என் மச்சான் குடையை என் கையில் திணித்து, "ஊர் பார்க்க வந்தவர் சுரங்கத்தைப் பார்க்காமல் போகலாமா?" என்றார். சென்றோம்.

மண்ணடுக்குகள் படிப்படியாய் இறங்க, அடியில் பழுப்பு நிலக்கரி கறுத்து நனைந்து கிடந்தது. அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாய் இறைக்காவிடில் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளே இத்தனைக்கும் தொடக்கம். 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி எட்டப்பட்டது.

வியந்து நின்றேன். அருகில் நனைந்தபடி நின்ற முதியவர் ஒருவர் பள்ளத்தின் நடுவே விரல் நீட்டி, "அங்கேதான் எங்கள் வீடு இருந்தது" என்றார். அவர் சுட்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது.

என் வியப்பு குற்றமா? இழப்பீடு கொடுத்தாயிற்றே என்பர். நிலத்திற்கு விலையுண்டு, முன்னோர் அடங்கிய மண்ணுக்கு எவர் விலை பேசினார்? ஆயினும் இம்மின்சாரத்தின் ஒளியில் படித்து ஆளானவன் நான். அதை மறைப்பதும் பொய்யே.

அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரத்து மாளிகைகள் அடிமைகளின் உழைப்பால் எழுந்தவை. அவற்றையும் குடைபிடித்துப் பார்ப்போர் பலர். அடிமைகள் இறக்கப்பட்ட துறையிலேயே 2023-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அடிமைத்தனமும் நில எடுப்பும் ஒன்றல்ல. எனினும் அச்செயல் என்னை உறுத்தியது.

முதியவரைக் குடைக்குள் அழைத்து அவருடைய ஊரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். இருபதாண்டுகள் அங்கு வாழ்ந்த மச்சான் அப்பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.