பெயருக்கு எதற்குப் பூட்டு?

வேதாந்த வகுப்பில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என்னைச் சீண்டினார்: "நாமரூபம் மாயைன்னு இங்கே தலையாட்டறேள். ஆபீஸ்ல போய் நாமத்துக்குப் பூட்டு போடறேள். எது சார் நிஜம்?" நிறுவனங்களின் டொமைன் பெயர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. கேலிதான், ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

1994இல் அமெரிக்காவில் கேரி கிரெமன் என்பவர் செக்ஸ்.காம் என்ற பெயரைப் பதிவு செய்தார். (முகம் சுளிக்க வேண்டாம், சட்டத்துக்கு எல்லாப் பெயரும் ஒன்றுதான்.) அப்போது கட்டணம் கிடையாது. மறு ஆண்டு ஸ்டீபன் கோஹன் என்பவர், பதிவு நிறுவனமான நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு ஒரு போலிக் கடிதம் அனுப்பினார். கிரெமனை அவருடைய நிறுவனமே நீக்கிவிட்டதாம். பெயரைக் கோஹனுக்குக் கொடுக்கிறார்களாம். தங்களிடம் இணைய இணைப்பு இல்லாததால் கோஹன் மூலமே தெரிவிக்கிறார்களாம். அந்த நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்! கிரெமனை ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு நிறுவனம் பெயரை மாற்றிவிட்டது.

கிரெமன் வழக்குப் போட்டார். காசு வாங்காததால் ஒப்பந்தம் இல்லை, தொட்டுப் பார்க்க முடியாததால் பறிபோனதாகவும் சொல்ல முடியாது என்று பதிவு நிறுவனம் வாதாடியது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலாவதை ஏற்றது, இரண்டாவதைத் தள்ளியது. டொமைன் பெயரும் சொத்துதான் என்றது.

வியவகாரத்தில் எல்லாம் நிஜம் என்று வேதாந்தத்தையே துணைக்கு அழைத்து நண்பரை மடக்கியிருக்கலாம். அது சாமர்த்தியமே தவிர, பதில் அல்ல. பெயர் யாருக்குத் தேவை? கூப்பிடுகிறவனுக்கு. ஓர் ஆஸ்பத்திரியின் டொமைன் திருடன் கைக்குப் போனால், நோயாளி அனுப்பும் ரிப்போர்ட்டும் அவன் பெட்டியில் போய் விழும். என்னுடையதை நான் துறக்கலாம். என்னை நம்பி வருகிறவனுடையதை நான் எப்படித் துறப்பது? பற்று வேறு, பொறுப்பு வேறு.

அந்தப் பொறுப்புக்குத்தான் பூட்டு. ஆனால் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் போட்டால் மட்டும் போதாது. கணக்கின் ஈமெயில் களவு போனால் திருடனே லாக்கை எடுத்துவிடுவான். முக்கியமான பெயர்களுக்கு ரெஜிஸ்ட்ரி லாக் வேண்டும். கேட்பவர் யார் என்று தனியாக உறுதிசெய்யாமல் அதை எடுக்க மாட்டார்கள். கோயில், மடம், அறக்கட்டளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் டொமைன் எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். என்றோ வெப்சைட் செய்துகொடுத்த பையனின் ஈமெயிலாக இருந்தால், உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.