காசு கொடுத்தால் உரிமையாகுமா?

"காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்தை நாம் எப்படிச் செலவிட்டால் யாருக்கென்ன?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேள்வி எளிது, விடை எளிதன்று.

1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் ஆற்றல்தான் கோவையின் நூற்பாலைகளை வளர்த்தது. அதே கோவை, 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டில் தவித்ததை நாம் மறக்கவில்லை. 2012 பிப்ரவரியில், சென்னைக்கு 2 மணி நேரமும் பிற மாவட்டங்களுக்கு 4 மணி நேரமும் மின்வெட்டு என அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் கொங்கு நாடு அதனினும் மிகுதியாக இருளில் கிடந்தது. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி நின்றபோது நெய்பவரின் கூலியும் நின்றது.

மின்சாரம், நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கும் பொருளன்று. உற்பத்தியும் செலவும் நொடிதோறும் சமமாக நிற்கவேண்டும். இறைவன் தராசை நிலைநாட்டினான், அதில் வரம்பு மீறாதீர்கள் என்னும் திருமறையின் கருத்து இங்கே நினைவுக்கு வருகிறது. பற்றாக்குறைக் காலத்தில், எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் மாலை வேளையில் நாம் ஓட்டும் மோட்டார், பிறர் பங்கிலிருந்தே ஓடுகிறது. இன்வெர்ட்டரும் அப்படித்தான், மின்சாரம் திரும்பியவுடன் பொதுப்பங்கிலிருந்தே தன்னை நிரப்பிக்கொள்கிறது.

ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் சமூகத்தார்க்கு நீரருந்த ஒரு முறை, ஒட்டகத்திற்கு ஒரு முறை என இறைவன் வகுத்தான். ஸமூது கூட்டம் தாகத்தால் அழியவில்லை. முறையைப் பொறுக்காமல் அழிந்தது. முறையின் அருமையைக் கொங்கு உழவர் அறிவார். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன நிலங்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்தே நீர் பெறுகின்றன.

ஆனால், முறை நீதியாகவும் இருக்கவேண்டும். ஏழையின் ஒற்றை விளக்கையும் செல்வரின் குளிர்சாதனத்தையும் ஒருசேர அணைப்பது சமமாகத் தோன்றலாம்; நீதியாகாது. மிகுதியாக உடையவரே முதலில் விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அரசு ஆணையிடும்வரை அவர் காத்திருக்கலாகாது.

இதை நம் பள்ளிவாசலிலிருந்தே தொடங்கலாம். மஃரிபு நேரத்தில் ஓடும் ஹவுளின் மோட்டாரை, சூரிய மின்சாரம் மிகுந்து கிடைக்கும் நண்பகலுக்கு மாற்றுவதில் நமக்கு இழப்பேதும் இல்லை. வீட்டுச் சலவையையும் இஸ்திரியையும் அவ்வாறே மாற்றலாம்.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாதென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஆற்று நீருக்கு விலை இல்லை. ஆயினும் வரம்பு உண்டு. விலை கொடுத்துவிட்டால் மட்டும் வரம்பு நீங்கிவிடுமா? கட்டணம் செலுத்தினால் வாரியத்தின் கணக்குத் தீரும். அண்டை வீட்டாரின் கணக்கு மறுமையில் அல்லவா பார்க்கப்படும்!